சின்னம்மாவுக்கு மூடாத ரீவி

அண்ணை,

ரிமோட் என் மேசையில் கிடக்கிறது. கீழே பொது ஹோலில் இருக்கிற ரீவியின் ரிமோட். பின்மூடி எப்போதோ தொலைந்துபோனதால், பற்றரி இரண்டும் விழாமல் இருக்க எங்கள் வாச்சர் றப்பர் வளையம் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார். இந்தத் தொடர்மாடியின் நிர்வாகக் குழுத் தலைவர் நான். அந்த முறையில் இது எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும். நீங்கள் அதைப் பல தடவை பார்த்திருக்கிறீர்கள். கை நீட்டிக் கேட்டும் இருக்கிறீர்கள். நான் தந்ததில்லை.

முந்தநாள் உங்களைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவதுதான் உலக வழக்கம். உங்களைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியும். வியாபாரி நான், சரக்கில் நல்லது இருந்தால் மறைக்க மாட்டேன், அதையும் எழுதுவேன். ஆனால் நான் இருந்து எழுதுவது அதற்காக இல்லை. எட்டாம் நாள் படையலோடு முடிகிற, என் சின்னம்மாவுக்குச் சேர வேண்டிய எட்டு நாள் துக்கத்தை நீங்கள் மறித்தீர்கள். அதைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் கதைக்கவில்லை. என்றைக்காவது நீங்களாகக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்காமலே போய்விட்டீர்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற அந்த ஒழுங்கையில் இருந்தது எங்கள் சமறி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆம்பிளைகளும் கல்யாணம் ஆகாத பொடியன்களும் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஒரு சமையற்காரரை வைத்து, ஒரே பானைச் சோற்றில் சீவித்த வீடு. எல்லோரும் ஏதோ ஒரு திணைக்களத்தில் கிளாக்கர், அல்லது கணக்காளர், அல்லது வெளிநாட்டுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தவர். மூட்டை தூக்கியவன் நான் ஒருவன்தான். புறக்கோட்டையில் மொத்தமாக வேட்டி, சாரம், துவாய் எடுத்துக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் வீடு வீடாக விற்றேன். போகும் வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஆமிக்காரன் கலைத்துப்போட்டதைத் தெருவோரத்தில் குந்தியிருந்து மடிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கொழும்பில் என்னைப்போல் வேட்டி மடிக்கத் தெரிந்த ஒருவன் இருந்திருக்க மாட்டான்.

வீடு உங்கள் பெயரில் இருந்தது. பொலிஸ் பதிவுக்கும் நீங்கள், வீட்டுக்காரருக்கும் நீங்கள். ஆகவே ரீவிக்கும் நீங்கள். ஹோலில் பிரம்புக் கதிரை உங்களுடையது. மற்றவர்களுக்கு வாங்கு, அதிலும் இடம் இல்லாதவர்களுக்குத் தரை. சனலை மாற்ற உங்களிடம் கேட்க வேண்டும், சத்தத்தைக் கூட்டக் குறைக்க உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். சிங்களச் செய்தி தொடங்கினால் சத்தத்தைக் கூட்டச் சொல்வீர்கள். தமிழ்ச் செய்திக்குக் குறைக்கச் சொல்வீர்கள். புதிதாக வந்த ஒருவன் ஏன் என்று கேட்டபோது, "ரீவியை நாங்கள் மட்டும் கேக்கேல்லை தம்பி, ஒழுங்கையும் கேக்குது" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லில் அந்த வருடங்கள் முழுவதும் அடங்கியிருந்தன. நீங்கள் புத்திசாலி. அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

எங்களோடு இருந்த கணேசனின் தாய் இறந்த சேதி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை. ரீவியில் படம் போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பாதை இல்லாத காலம். யாரோ கப்பலில் வந்த ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தாய் செத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. கணேசன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஹோலில் நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல், படத்தையும் பார்க்க முடியாமல், எழும்பவும் முடியாமல் இருந்தோம். கதாநாயகன் வேறு கதாநாயகியைத் துரத்தித் துரத்திப் பாடிக்கொண்டிருந்தான்.

நீங்கள் எழும்பினீர்கள். ரீவியை நிறுத்தினீர்கள். என்னைப் பார்த்து, "தம்பி, உம்மட மூட்டையிலை ஒரு வெள்ளை வேட்டி எடும்" என்றீர்கள். நான் நல்லதாக ஒன்று எடுத்துத் தந்தேன். அதை விரித்து ரீவியைத் தலை முதல் கால் வரை மூடினீர்கள்.

"மூண்டு கிழமையாச்சுதே அண்ணை, எட்டும் முடிஞ்சிருக்கும்" என்று யாரோ மெல்ல இழுத்தார்கள்.

"அங்கை முடிஞ்சிருக்கலாம். எங்களுக்குச் சேதி வந்த நாள்தான் செத்த நாள். எட்டு முடியுமட்டும் இது திறக்கிறேல்லை."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதை பூட்டியிருக்கிறது, தபால் இல்லை, கொள்ளிவைக்கப் போக முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அழுவதற்கு எட்டு நாளாவது வேண்டும் என்று நினைத்த மனிதர் நீங்கள். அன்றிலிருந்து அது எங்கள் சமறியின் சட்டமானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் வேட்டி என் மூட்டையிலிருந்துதான் போனது. நான் ஒருவரிடமும் விலை கேட்டதில்லை.

சேதிகள் வரிசையாக வந்தன. ஒருவருக்கு எட்டு முடியுமுன் இன்னொருவருக்குத் தொடங்கும். ரீவி வேட்டியோடேயே நின்ற மாதங்கள் உண்டு. அந்தச் சோகத்திலும் கணேசன்தான் பகிடி விட்டான்: "உவர் மாப்பிள்ளை வேட்டி கட்டி எவ்வளவு காலமாச்சு. ஒரு பொம்பிளையைப் பாத்துக் கட்டிவைப்பம், அண்ணை." நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் பெரியவரின் தாய் பம்பலப்பிட்டியில் இறந்தபோதும் நீங்கள் இரண்டு நாள் மூடச் சொன்னீர்கள். அந்த மனுசியை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. கந்தோரில் உங்களுக்கு மேலே இருந்தவரைப் பெற்றவ என்பதைத் தவிர வேறு உறவும் இல்லை. அதற்கும் நான் வேட்டி தந்தேன்.

இப்போது என் முறைக்கு வருவோம்.

என் தாய் நான் நடக்கப் பழகுமுன் போய்விட்டா. அவவின் தங்கைதான் என்னை வளர்த்தவர். சின்னம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை, புருசனும் இல்லை. விடிய எழும்பி இடியப்பம் அவித்து வீடுகளுக்கு விற்றார். இடியப்பத் தட்டின் ஆவி பட்டுப் பட்டு விரல் நுனிகள் எல்லாம் மழமழவென்று இருக்கும், அந்தக் கையால் என் முகத்தைத் தடவினால் கண்ணாடி உரசுவது போலிருக்கும். என்னைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, சண்டை கிட்ட வந்ததும் சனத்தோடு சனமாக வன்னிக்கு இடம்பெயர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்தச் சேதி எனக்குக் கொட்டாஞ்சேனையில் வந்தது. ஒரு வீட்டு வாசலில் மூட்டையை அவிழ்த்துத் துவாய் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து வன்னியால் புதிதாக வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தா.

"தம்பி, நீர் இடியப்பக்கார அக்காவின்ர பெறாமகன் எல்லோ?"

எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. "ஓம் அம்மா! அவ எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா படியில் இருந்தா. பிறகு சொன்னா. ஒரு பள்ளிக்கூட வளவில், மரத்தின் கீழ், காய்ச்சலில். மருந்து வராத காலம். போய் ஒரு மாதத்துக்கு மேல். பக்கத்தில் இருந்தவர்கள் அவசரமாக எரித்துவிட்டு அடுத்த நாளே ஷெல்லுக்குப் பயந்து வெளிக்கிட்டுவிட்டார்கள். "எட்டு ஒண்டும் ஒருத்தரும் செய்யேல்லை, ராசா. செய்யிறதுக்கு ஆர் இருந்தது?" என்றா.

அதைக் கவனியுங்கள், அண்ணை. செய்வதற்கு ஒருவரும் இருக்கவில்லை. இந்த உலகத்தில் சின்னம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே துக்கவீடு எங்கள் சமறி ஹோல்தான். எங்கள் சட்டப்படி அன்றைக்குத்தான் அவர் செத்த நாள்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தேன். அன்றைக்கு இலங்கை விளையாடுகிற கிரிக்கெட் உலகக் கப் பைனல் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அப்போது நினைவில் இல்லை. ஹோலில் கதிரைகள் இரவல் வாங்கி வரிசையாகப் போடப்பட்டிருந்தன. சமையற்காரர் கடலை வடை சுட்டுக் குவித்திருந்தார். நான் ஒருவரோடும் கதைக்காமல் மூட்டையை அவிழ்த்து, உள்ளதில் நல்ல வேட்டியாகப் பார்த்து எடுத்து, ரீவியை மூடினேன்.

"என்ன தம்பி இது?" நீங்கள் குசினிப் பக்கமிருந்து வந்தீர்கள்.

"சின்னம்மா செத்துப்போனா, அண்ணை. இண்டைக்குத்தான் அறிஞ்சனான்."

 கணேசன் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தான்.

"எப்ப செத்தவ?"

"ஒரு மாசத்துக்கு மேலை."

"அப்ப எட்டு எப்பவோ முடிஞ்சிருக்குமே."

கணேசன் சொன்னான்: "சேதி வந்த நாள்தானே அண்ணை எங்களுக்கு?"

"அது தாய் தேப்பனுக்கு. சின்னம்மா பெரியம்மாவுக்கெல்லாம் மூட வெளிக்கிட்டால் இந்த வீட்டிலை ரீவி எதுக்கு? வித்துப்போட்டுப் பேசாமல் இருக்கலாம்."

"அவதான் என்னை வளத்தவ, அண்ணை" என்றேன்.

"வளத்தவ எண்டால் மனசுக்குள்ளை வைச்சிரும். ஆர் வேண்டாமெண்டது?" பிறகு குரலைத் தணித்தீர்கள். "இஞ்ச பாரும். இண்டைக்கு ஒழுங்கை முழுக்க இந்த மட்சைத்தான் பாக்குது. எங்கட வீடு மட்டும் சத்தமில்லாமல் கிடந்தால் என்ன நினைப்பினம்? 'தமிழங்கள், துக்கம் கொண்டாடுறாங்கள்' எண்டு ஒருத்தன் பொலிசுக்குச் சொன்னால் காணும். எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவாங்கள்."

கடைசியாகச் சொன்னது நல்ல நியாயம். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல நியாயம். அதை முதலில் சொல்லியிருந்தால் நானே வேட்டியை எடுத்திருப்பேன். ஆனால் நான் அன்றைக்கே வியாபாரி. ஒரு சரக்குக்கு ஒருவன் மூன்று காரணம் சொல்லிக் கழிக்கிறான் என்றால் நாலாவது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லமாட்டான். உங்கள் நாலாவது காரணம் கொஞ்ச நேரத்தில் காரில் வந்து இறங்கப்போகிறது என்பது கதிரைகளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

நீங்கள் வேட்டியை ரீவியிலிருந்து எடுத்தீர்கள். நாலாக மடித்தீர்கள், கோணலாக. என் கையில் வைத்தீர்கள்.

"பெரிசாக் கசங்கேல்லை. விக்கலாம்."

அண்ணை, எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகப் பேசியிருக்கிறார்கள். பொலிஸ்காரன் அறைந்திருக்கிறான். புறக்கோட்டை முதலாளி சாதி சொல்லித் திட்டியிருக்கிறார். எல்லாம் போன இடம் தெரியவில்லை. இந்த மூன்று சொல் மட்டும் போகவில்லை.

வாசலில் கார் நின்றது. உங்கள் பெரியவர் வந்தார். உங்கள் குரல் சிங்களத்துக்கு மாறியது. "வாடிவென்ன சேர், வாடிவென்ன" என்று உங்கள் பிரம்புக் கதிரையையே தூசி தட்டிக் கொடுத்தீர்கள். நீங்கள் வாங்கில் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டேன். ரீவி போடப்பட்டது. கணேசன் என்னைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான், பிறகு தரையில் இருந்தான்.

நான் ஒழுங்கை வழியே இறங்கித் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் போய் இருந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே மட்சின் ஒரே சத்தம். அந்த மட்சைக் கேட்காத காது ஒன்றுகூட இருக்கவில்லை அன்றைக்கு. பொழுதுபட்டு இருட்டிய பிறகு திடீரென்று வெடிச்சத்தம். அந்த நாளில் கொழும்பில் எந்தச் சத்தத்துக்கும் முதலில் குனிவோம். குனிந்து பார்த்தால் சீன வெடி. காவலரணில் நின்ற ஆமிக்காரப் பெடியன் துவக்கோடு ஓடிவந்தான். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"அபி தின்னா மல்லி! அபி தின்னா!"

நாங்கள் வென்றுவிட்டோம், தம்பி. என் முகத்தில் கண்ணீரைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் சந்தோசம். மட்சுக்காக அழுகிறேன் என்று நினைத்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு டொபி எடுத்துத் தந்தான். சின்னம்மாவுக்காக நான் அழுத அழுகையை ஆறுதல்படுத்திய ஒரே ஆள் அவன்தான், அதுவும் என்ன ஏது என்று தெரியாமல். இதையும் உங்கள் கடன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதமே கொட்டாஞ்சேனையில் ஒரு அறைக்கு மாறினேன். பிறகு நடைபாதையில் ஒரு பலகை, பிறகு ஒரு சின்னக் கடை, பிறகு காலி வீதியில் பெரிய கடை. நான் முன்னுக்கு வந்ததற்குச் சாமியைச் சொல்வார்கள், உழைப்பைச் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் பாதி உங்கள் மேலிருந்த கோபம். காலையில் எழும்பப் பஞ்சியாக இருந்தால் உங்களை நினைப்பேன். எழும்பிவிடுவேன்.

நீங்கள் கனடாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். சண்டை முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு, வயது போய், மனைவியும் போய், இந்தத் தொடர்மாடி நாலாம் மாடியில் மகள் வீட்டுக்கே வந்து சேர்ந்தீர்கள். லிப்டுக்குள் சந்தித்தோம். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"தம்பி... நீர் எங்கட சமறியிலை இருந்தனீர் எல்லோ? துணி மூட்டை!"

"ஓம், ஐயா." அண்ணை என்று கூப்பிட நாக்கு வளையவில்லை.

"கடவுளே, என்ன காலம் அது! அந்தக் கப் பைனல் ஞாபகமிருக்கே? எங்கட ஹோலிலை எல்லாரும் சேந்து பாத்தது. என்ன மட்ச்!"

"நான் பாக்கேல்லை, ஐயா."

"ஏன்? நீர் அண்டைக்கு இருந்தனீர் எண்டெல்லோ நினைச்சன்."

"வெளியிலை போட்டன்."

"சரியாத் தவற விட்டிட்டீர், தம்பி!" என்று சிரித்துக்கொண்டு நாலாம் மாடியில் இறங்கினீர்கள்.

கதவு மூடியதும் நான் லிப்டுக்குள்ளேயே நின்றேன். எந்த மாடிக்குப் போக ஏறினேன் என்பது மறந்துவிட்டது. அந்த நாள் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மட்ச் இருந்தது, வடை கூட இருந்திருக்கும். சின்னம்மா மட்டும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது உங்களுக்குத் தெரியும், ஏன் செய்தேன் என்பதுதான் தெரியாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் ரீவியைப் பிடித்துக்கொள்வதால் மட்ச் பார்க்க நீங்கள் பொது ஹோலுக்கு வருவீர்கள். நான் கடையிலிருந்து வந்து, நீங்கள் கதிரையில் சரியாக இருக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து நாடகத்தைப் போடுவேன்.

"தம்பி, ஸ்கோரை மட்டும் ஒருக்கால் பாப்பமே?"

"பொம்பிளையள் பாக்கினம், ஐயா. பொது ஹோல்."

"கடைசி ஓவர், தம்பி."

"நாடகமும் கடைசிக் கட்டம், ஐயா."

மூன்று வருடம். ஒரு முழு மட்ச் நீங்கள் அந்த ஹோலில் பார்க்க நான் விடவில்லை. சின்னப் புத்தி என்று யாரும் சொல்லட்டும். ஒவ்வொரு தடவையும் உங்கள் முகம் தொங்குவதைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. 'ஏன் தம்பி என்னோடை இப்பிடி?' என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. கை நீட்டிப் பார்த்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு லிப்டுக்குப் போய்விடுவீர்கள்.

பிறகு நீங்கள் இறந்தீர்கள். உடலைப் பொது ஹோலில் வைக்க உங்கள் மகள் அனுமதி கேட்டா. உடனே கொடுத்தேன். கதிரை, மின்விசிறி, தேத்தண்ணி, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து ரீவிக்கு நேரே வைத்தார்கள். சனம் கூடியது. ஐயர் கிரியை தொடங்க ஆயத்தமானார்.

நான் ரிமோட்டை எடுத்து ரீவியைப் போட்டேன். தேடி ஒரு மட்சைப் பிடித்தேன். பழைய மட்ச், மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்தையும் கூட்டினேன். செத்தவீட்டில் ரீவி போடுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதைச் சட்டமாக்கியவரே நீங்கள்தான். யாராவது எழும்பிக் கேட்பார்கள், அப்போது அந்தச் சபையில் எல்லாவற்றையும் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தேன்.

உங்கள் மகள் திரும்பிப் பார்த்தா. முகம் மாறியது. எழும்பி என்னிடம் வந்தா. அதற்கிடையில் மூன்றாம் மாடி ரீச்சர் அவவின் கையைப் பிடித்து, "ஐயாவுக்கு மட்ச் எண்டால் உயிர் எல்லோ, பிள்ளை. அதுதான் போட்டு விட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டா.

உங்கள் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதா. "உங்களுக்குத்தான் அங்கிள் அப்பாவைத் தெரியும். ஒருத்தருக்கும் இது தோன்றேல்லை." பின்னால் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஐயரும் மட்சை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மந்திரம் சொன்னார்.

இத்தனை வருடம் தீட்டி வைத்த கத்தி, அண்ணை. அதைப் பூமாலை என்று நினைத்து வாங்கி உங்கள் மேல் போட்டுவிட்டார்கள். அந்த மட்சின் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அந்த ஹோலில் நீங்கள்தான், நீங்களோ பெட்டிக்குள். நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டி எழும்புமுன் சண்டை பிடிக்க எனக்கு வராது.

வண்டி போனதும் ரீவியை நிறுத்தினேன். வாச்சரைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து எட்டு நாளைக்கு இதை ஒருவரும் போடக்கூடாது, பிளக்கையும் கழற்றிவிடு என்றேன். அவர் சிங்களத்தில் கேட்டார், நாலாம் மாடி ஐயாவுக்காகவா என்று. இல்லை, என் புஞ்சி அம்மாவுக்கு என்றேன். எப்போது இறந்தவ என்று கேட்டார். சொன்னேன். வருடத்தைக் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பிளக்கைக் கழற்றினார்.

அன்று பின்னேரம் உங்கள் மகள் இறங்கி வந்தா. நிறுத்திக் கிடந்த ரீவியைக் கண்டதும் மறுபடி கண் கலங்கி, "இதுவும் அப்பாவுக்காகவா, அங்கிள்?" என்றா.

இந்தத் தடவை நான் விடவில்லை. மட்சை நீங்கள் உங்களுடையதாக்கிக்கொண்டதுபோல் இதையும் உங்களுக்கு விடமுடியாது.

"இல்லை மகள். இது என்ர சின்னம்மாவுக்கு. காலமை போட்ட மட்ச் உங்கட அப்பாவை அவமதிக்கிறதுக்குப் போட்டது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நின்றபடியே, ஒன்றையும் குறைக்காமல். உங்களின் அந்த மூன்று காரணத்தையும் சொன்னேன். நாலாவதையும் சொன்னேன். கோணலாக மடித்த வேட்டியையும் சொன்னேன்.

 முடிந்த பிறகு, "அந்த மட்ச் கதையை அப்பா எங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார்" என்று மட்டும் சொன்னா. உங்களுக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. ரீவிக்கு முன்னாலேயே நின்றா. கறுத்த கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். பிறகு கேட்டா:

"உங்கட சின்னம்மாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம், அங்கிள்? எட்டுக்கு அதைத்தானே படைக்கவேணும். அப்பாவுக்குச் சமைக்கேக்கை நான் அவவுக்கும் சேத்துச் செய்யிறன்."

"வேண்டாம் மகள். சேத்துச் செய்யவேண்டாம். என்ர வீட்டிலை நான் பாத்துக்கொள்ளுறன்."

நல்ல பிள்ளை பெற்றிருக்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்னம்மாவின் படையலும் உங்கள் படையலும் ஒரே அடுப்பில் வேகாது. அவ தலையைக் குனிந்துகொண்டு மேலே போய்விட்டா.

போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கியது. சின்னம்மாவுக்கு என்ன விருப்பம்?

எனக்குத் தெரியாது, அண்ணை. எனக்கு விருப்பமானது எல்லாம் அவருக்குத் தெரியும். சூடான இடியப்பம் எனக்கு, உடைந்தது அவருக்கு. மீன் துண்டு எனக்கு, சட்டியில் ஒட்டியது அவருக்கு. இனிப்புப் பிடிக்குமா, புளிப்புப் பிடிக்குமா, கணவாய் சாப்பிடுவாரா, மாம்பழத்தில் எந்த மாம்பழம், ஒன்றும் தெரியாது. நான் அப்போது சின்னப் பெடியன், கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு நீங்கள் அந்த வேட்டியை எடுக்காமல் விட்டிருந்தால், எட்டுக்கு என்ன படைப்பது என்று நானே கொட்டாஞ்சேனைக்கு ஓடியிருப்பேன். சேதி சொன்ன அந்த அம்மா வன்னியில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவ, நிச்சயமாகச் சொல்லியிருப்பா. ஊர்ச் சனம் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், அவர்களிடமும் கேட்டிருப்பேன். இப்போது அந்த அம்மா இல்லை. மற்றவர்கள் எந்த நாட்டில், எந்த மண்ணில் என்றும் தெரியாது. எட்டு நாளைத்தான் நீங்கள் மறித்தீர்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

உங்களுக்கு என்ன சமைப்பது என்று உங்கள் மகளுக்குத் தெரியும். இறாலும் முருங்கைக்காயும் வாங்கக் குறித்துக் கொடுத்திருக்கிறாவாம், வாச்சர் சொன்னார். என் மனைவி குசினி வாசலில் நின்று இரண்டு தரம் கேட்டுவிட்டா, "அப்ப எட்டுக்கு என்ன சமைக்கிறது, சொல்லுங்கோவன்" என்று. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடி வந்து நிற்கிறா.